சந்தாக் கொப்பியும் கைத்தொலைபேசித் திரையும்

விளம்பரம் இல்லாத கூடுமிடம் ஒன்று இணையத்தில் வேண்டுமென்றால் மாதந்தோறும் பணம் கட்டவேண்டும் என்ற பேச்சு இன்று உலகெங்கும் எழுந்திருக்கிறது. பலருக்கும் அது புதிய பேச்சு. ஊவாவின் தோட்டங்களுக்கோ, மாதம் தவறாமல் காசு கட்டிக் கூட்டத்தைத் தமதாக்கிக்கொள்ளும் வித்தை பாட்டன் காலத்துப் பழக்கம்.

பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பாதையில், நமுனுகுல மலையை அண்ணாந்து பார்த்தபடி கிடக்கும் தோட்டங்களில் ஒன்றில், சம்பளம் போட்ட மறுநாள் மாலையில், மாரியம்மன் கோயில் முற்றத்து மேசை ஒன்றின்மீது தடித்த அட்டை போட்ட சீ.ஆர். கொப்பி ஒன்று விரிந்து கிடந்ததை நான் கண்டேன். அட்டையின் முனைகள் நைந்து பஞ்சு தெரிந்தது; ஒவ்வொரு பக்கத்திலும் இடப்புறத்தில் பெயரும், அதை அடுத்து லய இலக்கமும், அதற்கப்பால் அடிமட்டம் வைத்துக் கோடிழுத்த பன்னிரண்டு கட்டங்களும் இருந்தன. அந்தத் தோட்டத்து மரணாதாரச் சங்கத்தின் சந்தாக் கொப்பி அது. மலையிலிருந்து இறங்கி, கொழுந்துச் சாக்கை வீட்டில் போட்டுவிட்டு, முகம் கழுவிய ஈரத்தோடு வந்த பெண்கள், முந்தானை முடிச்சிலிருந்து நோட்டை எடுத்து நீட்ட, பொருளாளர் அந்தந்த மாதத்துக் கட்டத்தில் ஒரு சரி போட்டு, தொகையை வாய்விட்டுச் சொல்லிப் பெட்டியில் இட்டார்.

ஒரு பெயருக்கு எதிரே மட்டும் நான்கு கட்டங்கள் வெறுமையாக இருந்தன. காரணம் கேட்டேன். "அவங்க புருசன் தவறி ஒரு வருசம் ஆகுதுங்க ஐயா, கையில ஓட்டமில்ல. கட்டும்போது கட்டட்டும். பேர வெட்டமாட்டோம், அன்னிக்கு அவர எடுத்ததே இந்தக் கொப்பிதானே" என்றார் அவர். ஒரு ஸ்தாபனத்தின் சட்டதிட்டம் முழுவதும் அந்த மூன்று வாக்கியங்களில் அடங்கிவிட்டதாக எனக்குத் தோன்றிற்று.

அதே முற்றத்தில், கோயில் திண்ணையின் மறு ஓரத்தில், நாலைந்து இளைஞர் தத்தம் கைத்தொலைபேசியில் ஆழ்ந்திருந்தனர். அவர்களுக்கும் ஒரு சங்கம் உண்டு. அதற்குக் கொப்பி இல்லை, பொருளாளர் இல்லை, சந்தாவும் இல்லை. கொழும்பில் கடைவேலைக்குப் போன அண்ணனும், வளைகுடா நாட்டில் வீட்டுவேலை செய்யும் சின்னம்மாவும், லுணுகலையில் வாழ்க்கைப்பட்ட அக்காவும் நாள்தோறும் வந்து கூடும் அந்தச் சங்கம் திரைக்குள்ளே இருக்கிறது. மடுல்சீமையில் ஒரு பிள்ளைக்கு நடந்த மஞ்சள் நீராட்டின் படங்களை ஓர் இளைஞர் எனக்குக் காட்டினார். முதற்படத்தில் பிள்ளை மணையில் இருக்கிறாள். இரண்டாவதில் தாய்மாமன் சீருடன் நிற்கிறார். மூன்றாவதாக வந்தது நகை அடகுக் கடை ஒன்றின் விளம்பரம். அதைத் தள்ளினால் பாட்டி ஆலாத்தி எடுக்கிறாள். அதற்குக் கீழே, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் அறிவித்தல். இளைஞர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை; வழியில் கிடக்கும் கல்லைச் சுற்றிப் போகும் கால்போல அவருடைய விரல் தானாகவே அதைத் தாண்டிச் சென்றது. ஆனால் அந்த விளம்பரம் அவரைக் கவனித்திருந்தது என்பதே இக்கட்டுரைக்கு வித்தான விஷயம்.

ஏலத்துக்குப் போகும் கவனம்

கொழுந்து எங்கே போகிறது என்று தோட்டத்து மனிதரைக் கேட்டால் தடுமாறாமல் சொல்வார்கள். மலையில் கிள்ளிய கொழுந்து ஸ்டோருக்குப் போய், வாடி, அரைபட்டு, புளித்து, காய்ந்து, தரம் பிரிந்து, கொழும்புக்கு ஏறிச் சென்று அங்கே ஏலத்தில் விழுகிறது. 1883-ஆம் ஆண்டில் தொடங்கிய அந்தக் கொழும்பு ஏலத்தில், ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவின் வரண்ட காற்றில் விளையும் தேயிலைக்குத் தனி மதிப்பு உண்டென்பதும், அந்த மதிப்பில் எத்தனை பங்கு கிள்ளிய கைக்கு வந்து சேர்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரிந்தவை.

தெரியாமல் நடக்கும் ஏலம் ஒன்று இருக்கிறது. இளைஞர் தம் திரையைத் திறந்த கணத்திலேயே, இன்ன வயதினர், இன்ன இடத்திலிருப்பவர், சற்றுமுன் இன்னின்னதைத் தேடியவர் என்ற விவரத்தோடு அவருடைய கவனம் ஏலத்தில் வைக்கப்படுகிறது. நகைக் கடையும், கடன் கம்பெனியும், ஆள் அனுப்பும் முகவரும் இயந்திரத்தின் வாயிலாக விலை கூறுகிறார்கள். இமை கொட்டும் நேரத்துக்குள் ஏலம் முடிந்து, வென்றவருடைய அறிவித்தல் பாட்டியின் ஆலாத்தித் தட்டுக்குக் கீழே வந்து உட்கார்ந்துவிடுகிறது. முகநூலை நடத்தும் மெட்டா கம்பெனியின் வருமானத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கும் மேல் இவ்வாறு விளம்பரத்திலிருந்து வருவது. இனாமாகக் கிடைப்பதாக நாம் எண்ணிக்கொண்டிருக்கும் அந்தக் கூடுமிடத்துக்கு நாம் விலை கொடுக்கத்தான் கொடுக்கிறோம். அந்த விலை நம் பையிலிருந்து போகாமல் நம் பார்வையிலிருந்து போவதால் கணக்கு நமக்குத் தெரிவதில்லை.

பழைய விளம்பரம் இப்படிப்பட்டதல்ல என்பதையும் நியாயமாகச் சொல்லவேண்டும். 1950-இல் இலங்கை வானொலி தன் வர்த்தக சேவையைத் தொடங்கியபோது, பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் சோப்பும் பற்பசையும் லயக் காம்பிராவுக்குள் வந்தன. ஆனால் அந்த அறிவிப்பாளர் பதுளையில் யார் கேட்கிறார் என்று அறியமாட்டார். கேட்பவர் கடன்பட்டிருக்கிறாரா, அவர் மகள் சமைந்திருக்கிறாளா என்று அவருக்குத் தெரியாது. ஊருக்கெல்லாம் பொதுவாகக் கூவிவிட்டுப் போன வியாபாரி அவர். இன்றைய விளம்பரமோ வீட்டுக் கஷ்டத்தை முன்னரே விசாரித்து அறிந்துகொண்டு, கஷ்டம் முற்றிய வேளை பார்த்துக் கதவைத் தட்டுகிற வியாபாரி. கையில் ஓட்டமில்லாத வீட்டுக்கு அடகுக் கடையும், சம்பளம் போதாத பெண்ணுக்கு அயல்நாட்டு வேலையும் காட்டப்படுவது தற்செயல் என்று கொள்வதற்கில்லை.

அப்புத்தளையில் ஒரு விளம்பர மகாராஜா

விளம்பரக் கலையின் வரலாற்றில் ஊவாவுக்கு ஒரு பெரிய இடம் உண்டு. கிளாஸ்கோ நகரத்தில் 1871-இல் ஒரு சிறிய பலசரக்குக் கடையைத் திறந்து, பூதாகாரமான பாற்கட்டிகளை வீதியில் ஊர்வலம் விட்டுச் சனங்களைக் கூட்டிய தோமஸ் லிப்டன், 1890-இல் இலங்கைக்கு வந்து, அப்புத்தளைப் பக்கத்தில் தம்பேதென்னை முதலான தோட்டங்களை வாங்கினார். தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு வருவது தம் தேயிலை என்று உலகெங்கும் பறைசாற்றினார். கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணின் சித்திரம் அந்தப் பிரசாரத்தோடு கடல் கடந்து போயிற்று. பிற்பாடு 1932-இல் இலங்கைத் தேயிலைப் பிரசாரத்துக்கென்றே ஒரு சபை ஏற்பட்டபோதும், கொழுந்து கிள்ளும் பெண்ணின் புன்னகையே தேயிலைக்கு முகமாக நின்றது.

அந்தப் புன்னகைக்குக் கூலி யாருக்குப் போயிற்று என்ற கேள்வியை அக்காலத்தில் கேட்டவர் சிலரே. நூறாண்டுக்கு மேலாகப் பிறருடைய சரக்குக்குத் தங்கள் முகத்தைக் கேளாமலே கொடுத்துவந்த ஒரு சமுதாயம், இன்று தன் சடங்குப் படங்களையும், சாவுச் செய்தியையும், திருவிழாத் தேரையும் தானே கொண்டுபோய்ப் பிறருடைய சந்தையில் வைக்கிறது. அன்று முகம் விளம்பரமாயிற்று. இன்று வாழ்க்கை முழுவதும் விளம்பரத்துக்கு இடம் பிடித்துக் கொடுக்கும் வேலியாக நிற்கிறது. இதை நான் பழி சுமத்தும் நோக்கத்தோடு சொல்லவில்லை. மலைக்கு மலை பிரிந்து கிடக்கும் உறவுகளுக்கு இந்தத் திரை செய்திருக்கும் உபகாரம் அளவற்றது. 2014 அக்டோபர் 29-ஆம் தேதி காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிய பின்னர், அடைமழை பெய்யும் இரவுகளில் ஊவாவின் பிள்ளைகள் எந்தத் தேசத்திலிருந்தாலும் "அங்கே மழை எப்படி?" என்று கேட்காமல் கண்மூடுவதில்லை. அப்படிப்பட்ட கேள்வியும் பதிலும் போய்வரும் பாதை யாருடைய கையில் இருக்கிறது என்பதைப் பற்றித்தான் நாம் கவலைப்படவேண்டும்.

காசு கட்டியவர்களின் கதை

விளம்பரமின்றி, உறுப்பினருடைய காசிலேயே இணையக் கூடுமிடத்தை நடத்த முடியுமா என்பதற்கு நாற்பதாண்டு அனுபவம் இருக்கிறது. 1985-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஸ்டூவர்ட் பிராண்ட், லாரி பிரில்லியண்ட் என்னும் இருவர் 'வெல்' என்ற பெயரில் கணினி வழியாகப் பேசும் சபை ஒன்றைத் தொடங்கினார்கள். மாதம் 8 டொலர் சந்தா. பேசும் நேரத்துக்கு மணிக்கு 2 டொலர். தான் எழுதும் சொல்லுக்குத் தானே சொந்தக்காரர், தானே பொறுப்பாளி என்பது அந்தச் சபையின் விதி. பிள்ளை வளர்ப்பிலிருந்து மரணத் துக்கம் வரை அங்கே பேசப்பட்டது. கை மாறிக் கை மாறி ஒரு கம்பெனியிடம் போயிருந்த அந்தச் சபை, 2012-இல் விலைக்கு வந்தபோது, நெடுநாள் உறுப்பினர் சிலர் ஒன்றுகூடி 4,00,000 டொலர் கொடுத்து அதைத் தாமே வாங்கிக்கொண்டார்கள். இருபத்தேழு ஆண்டுகள் சந்தா கட்டிய பழக்கம் அந்த உரிமை உணர்ச்சியை அவர்களுக்குள் வளர்த்திருந்தது என்றே நான் கருதுகிறேன். இனாமாக வந்து போனவர்கள் ஒரு கூடத்தை இப்படி மீட்டெடுத்ததாக நான் அறிந்ததில்லை.

இரண்டாவது கதை நம் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. உக்ரேனில் பிறந்த ஜான் கூமும், அவருடைய நண்பர் பிரையன் அக்டனும் 2009-இல் தொடங்கிய வட்ஸ்அப், விளம்பரத்தை விஷம்போல் வெறுத்தது. ஏன் விளம்பரம் விற்கமாட்டோம் என்று 2012-இல் அவர்கள் பகிரங்கமாக எழுதியும் வைத்தார்கள். ஆண்டுக்கு ஒரு டொலருக்கும் ஒரு சதம் குறைந்த சந்தாவே அவர்களுடைய ஜீவாதாரம். 2014-இல் முகநூல் 1,900 கோடி டொலர் விலை பேசி அதை வாங்கிற்று. 2016 ஜனவரியில் அந்தச் சிறு சந்தாவும் நீக்கப்பட்டது. பணம் கட்டும் வங்கி அட்டை பலரிடம் இல்லை என்பதும் அப்போது கூறப்பட்ட காரணங்களில் ஒன்று. ஏழைக்கு இரங்கிய காரணமாகவே அது தோன்றும். ஆனால் சந்தா போனதோடு சந்தாதாரர் என்ற ஸ்தானமும் போயிற்று. அக்டன் 2017-இலும், கூம் 2018-இலும் வெளியேறினார்கள். விளம்பரமே இல்லாத 'சிக்னல்' என்னும் ஸ்தாபனத்துக்கு அக்டன் 5 கோடி டொலர் கொடுத்தார். 2025 ஜூனில், வட்ஸ்அப்பின் ஒரு பகுதியில் விளம்பரம் வரப்போகிறது என்ற அறிவிப்பு வெளியாயிற்று. விளம்பரம் வேண்டாம் என்று பிறந்த பிள்ளை, சந்தா நின்று ஒன்பது ஆண்டு கழிந்தபின் விளம்பரத்தின் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது.

மூன்றாவது கதை எச்சரிக்கையாகக் கொள்ளத்தக்கது. 2023 நவம்பரில் மெட்டா கம்பெனி ஐரோப்பாவில், விளம்பரம் வேண்டாதவர் மாதம் 9.99 யூரோவும், கைத்தொலைபேசி வழியாக வந்தால் 12.99 யூரோவும் கட்டலாம் என்றது. அன்றைய செலாவணியில் குறைந்த தொகையே மூவாயிரம் ரூபாவைத் தாண்டும். நாட்சம்பளம் 1,000 ரூபாவாக இருந்த அன்றைய ஊவாத் தோட்டத்தில் அது மூன்று நாள் உழைப்புக்கும் மேல். கட்டணத்தைப் பிற்பாடு குறைத்தார்கள். ஆயினும் 2025 ஏப்ரலில், இது மக்களுக்குக் கொடுக்கப்பட்ட மெய்யான தெரிவு அன்று என்று ஐரோப்பிய ஆணைக்குழு தீர்த்து, 20 கோடி யூரோ அபராதம் விதித்தது. பணம் கட்டுகிறவருக்கு அங்கே கிடைப்பது தொந்தரவிலிருந்து விடுதலை, அவ்வளவே. கணக்குக் கேட்கும் உரிமையோ, விதியை மாற்றும் வாக்கோ, நிர்வாகியை நீக்கும் அதிகாரமோ அந்தப் பணத்தோடு வருவதில்லை.

ஆகவே மாதக் கட்டணம் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு வஸ்துக்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, வாசலை மறித்து நிற்பவனுக்கு விலகச் சொல்லிக் கொடுக்கும் காசு. மற்றொன்று, வாசலையும் வீட்டையும் நமதாக்கிக்கொள்ளக் கொடுக்கும் சந்தா. முன்னதைக் கட்டிவிட்டுப் பின்னதைக் கட்டியதாக நினைத்துக்கொள்வதே இக்காலத்தின் பெரிய மயக்கம்.

பதுளை அறிந்த சந்தா

இந்த வேறுபாட்டைப் புத்தகம் படித்து அறியவேண்டிய அவசியம் மலையகத்துக்கு இல்லை. கங்காணியின் கடன் கணக்கில் பிறந்து, அதிலேயே மடிந்த தலைமுறைகளுக்கு, சொந்தக் கையால் எடுத்துக் கொடுக்கும் ஒரு சிறு தொகை எத்தனை பெரிய சுதந்திரம் என்பது அனுபவம். தஞ்சையிலிருந்து வந்த கோ.நடேசய்யர், துணி வியாபாரியைப் போல் வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் புகுந்து நிலைமையை அறிந்து, பத்திரிகை நடத்தி, 1931-இல் அட்டனில் தோட்டத் தொழிலாளருக்கென ஒரு சம்மேளனத்தை ஏற்படுத்தினார். அவருடைய மனைவி மீனாட்சியம்மை பாட்டுப் பாடிக் கூட்டம் சேர்த்தார். 1935-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. 1939-இல் இலங்கை இந்தியக் காங்கிரஸும், அதை அடுத்து அதன் தொழிற்சங்கமும் தோன்றின. துரைமாரின் தயவில் நடந்த ஸ்தாபனங்கள் அல்ல இவை. பேர் போட்டு உழைத்த கூலியிலிருந்து சதம் சதமாக வந்த சந்தாவில் நின்றவை.

1940-ஆம் ஆண்டு ஊவாவில் என்ன நடந்தது என்பதை நம் பள்ளிப் பிள்ளைகள் படிக்கவேண்டும். அவ்வாண்டு ஜனவரியில் முல்லோயாவில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிஸ் குண்டுக்குப் பலியான பிறகு வேலைநிறுத்த அலை மலைநாடு முழுவதும் பரவிற்று. பதுளைக்கு அருகே வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தமக்குள் ஒரு சபையைத் தேர்ந்தெடுக்க, அந்தச் சபையைக் கலந்தே காரியம் செய்வதாகத் தோட்டத்துரை ஒப்புக்கொண்டார். மே மாதம் பதுளை நகரில் பெருங்கூட்டம் கூடிற்று. அடக்குமுறையும், ஊவாவைப் பிற பகுதிகளிலிருந்து துண்டித்த பெருவெள்ளமும் சேர்ந்து அந்த எழுச்சியை ஒடுக்கின. ஆயினும் 1947-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்ற ஏழு தொகுதிகளில் பதுளையும் ஒன்று; எஸ்.எம்.சுப்பையா இங்கிருந்து பாராளுமன்றம் சென்றார். அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து மக்களை நாடற்றவராக்கிற்று. வாக்குச் சீட்டைப் பறித்தார்கள். சந்தாக் கொப்பியைப் பறிக்க அவர்களால் முடியவில்லை. வாக்கில்லாத அந்த நெடிய ஆண்டுகளில், தலைவரைத் தேர்ந்தெடுக்கவும், கேள்வி கேட்கவும், பிடிக்காவிட்டால் வேறு சங்கத்துக்குப் போகவும் இந்த மக்களுக்கு எஞ்சியிருந்த ஒரே பிரஜாவுரிமை சந்தா கட்டும் உரிமை என்று சொன்னால் அது மிகையாகாது.

அந்தப் பாரம்பரியத்தின் குறையையும் மறைப்பது தர்மமன்று. சந்தாவைக் கையில் வாங்குவதை விட்டுச் சம்பளப் பட்டியலிலேயே பிடித்துக்கொள்ளும் வழக்கம் வந்தபோது வசூல் சுலபமாயிற்று. ஆனால் மாதம் ஒருமுறை தலைவர் லயத்துக்கு வந்து முகம் பார்த்துக் காசு வாங்கி, அந்தச் சாக்கில் நாலு கேள்விக்குப் பதில் சொல்லும் கடமையும் மெல்ல மெல்லத் தேய்ந்துபோயிற்று. "பிடிக்கிறாங்க" என்று சொல்கிறார்களே தவிர "கட்டுறோம்" என்று சொல்வது அருகிவிட்டது. இந்த இரண்டு வினைச்சொற்களுக்கும் இடையிலுள்ள தூரந்தான் ஓர் உறுப்பினருக்கும் ஒரு வாடிக்கையாளருக்கும் இடையிலுள்ள தூரம். அட்டையிலிருந்து தானாகவே மாதந்தோறும் கழிந்துபோகும் இணையக் கட்டணமும் இதே ஆபத்தை மடியில் கட்டிக்கொண்டே வருகிறது.

விளம்பரத்தை மறுத்த பத்திரிகை

கதர் நிதி திரட்ட 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்த காந்தியடிகள் பதுளைக்கும் வந்தார். தோட்டத் தொழிலாளர் அவரிடம் கொண்டுவந்து கொடுத்த காசு, விளம்பரத்தை ஏற்காமல் பத்திரிகை நடத்திய ஒரு மனிதரின் கையில் விழுந்தது என்பதை நாம் நினைவுகூர்தல் தகும். 1903-இல் தென்னாபிரிக்காவின் டர்பன் நகரில் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' தமிழிலும் வெளிவந்த பத்திரிகை. நம்மைப்போலவே தோட்டக் கூலிக்காகக் கடல் கடத்தப்பட்ட தமிழர் அதன் வாசகரில் அடங்குவர். தொடக்கத்தில் அதில் விளம்பரம் இருந்தது. அதைத் திரட்டவும், பாக்கி வசூலிக்கவும், கொடுப்பவரை முகஸ்துதி செய்யவும் நல்ல ஊழியர்களின் நேரம் வீணாவதையும், தகாத விளம்பரத்தைக்கூடக் கொடுப்பவரின் செல்வாக்குக்கு அஞ்சி ஏற்கவேண்டியிருப்பதையும் கண்ட அவர் அதை அறவே நிறுத்தினார். சமுதாயம் விரும்பினால் சந்தா கட்டிப் பத்திரிகையைக் காப்பாற்றட்டும், விரும்பாவிட்டால் அது நிற்கட்டும் என்பதே அவருடைய நிலை. பின்னர் இந்தியாவில் 'யங் இந்தியா', 'நவஜீவன்' பத்திரிகைகளையும் விளம்பரமின்றியே நடத்தினார்.

நம் காலத்தில், நம் மொழியில், அந்த நெறிக்கு உதாரணம் கேட்டால் நான் 'நூலகம்' ஸ்தாபனத்தைக் காட்டுவேன். 2005-இல் தொடங்கி, இலங்கைத் தமிழ் நூல்களையும், சஞ்சிகைகளையும், பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, யாரும் இனாமாகப் படிக்கும்படி இணையத்தில் வைத்திருக்கும் அந்த ஸ்தாபனத்தின் பக்கங்களில் எந்தக் கடையின் அறிவித்தலும் குறுக்கிடுவதில்லை. உலகெங்குமுள்ள தமிழர் கொடுக்கும் நன்கொடையும், தன்னார்வலர் உழைப்பும் அதைத் தாங்குகின்றன. 'குன்றின் குரல்', 'தீர்த்தக்கரை' போன்ற மலையகச் சஞ்சிகைகளை இன்று ஒரு பதுளைப் பிள்ளை தன் கைத்தொலைபேசியில் புரட்டிப் பார்க்கமுடிகிறது. ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934-இல் பிறந்து, தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டு, நம் மக்களின் வாழ்வைக் கதையாக்கிய தெளிவத்தை ஜோசப்பின் தலைமுறை எழுதியது, விளம்பரம் தேடும் சந்தை எதுவும் அச்சேற்ற விரும்பியிராத எழுத்து. சிறு சஞ்சிகையும் சிறு சந்தாவும் இல்லாவிட்டால் அது பிறந்தேயிராது.

கட்ட இயலாதவர் என்ன செய்வார்?

இதுவரை சொன்னதற்கு எதிராக ஒரு கேள்வி எழும், எழவேண்டும். 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட தோட்டத்தில், அரிசிக்கும் மாவுக்கும் பிள்ளையின் கொப்பிக்கும் போக, ரீலோட் போடுவதற்கே கணக்குப் பார்க்கும் வீட்டில், மாதச் சந்தா என்பது எங்கே நுழையும்? பணமுள்ளவன் அமைதியான கூடத்தில் அமர்ந்து பேச, இல்லாதவன் விளம்பர இரைச்சலில் நின்று கத்தவேண்டும் என்றால், அதுவும் ஒரு லயமும் பங்களாவும் ஆகாதா?

இந்தக் கேள்விக்கு நான் மேலே சொன்ன சீ.ஆர். கொப்பியே விடை. அதில் நான்கு கட்டம் வெறுமையாய் இருந்த பெண்ணின் பெயர் வெட்டப்படவில்லை. இயன்றவர் கட்டுவதால் இயலாதவருக்கும் கூடம் திறந்திருப்பது சங்கத்தின் நியதி. ஆளுக்கு ஒரு சீட்டு விற்று, சீட்டில்லாதவரை வாசலில் நிறுத்துவது கொட்டகையின் நியதி. விளம்பரமற்ற இணையக் கூடம் தமிழில் ஒன்று உருவாகுமானால் அது முன்னதன் வழியிலே உருவாகவேண்டும். ஆளுக்கு ஆள் கட்டவேண்டும் என்பதில்லை. ஒரு தோட்டத்துக்கு ஒன்று, ஒரு பாடசாலைப் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒன்று, ஒரு வாசிகசாலைக்கு ஒன்று என்று கூட்டுச் சந்தா கட்டலாம். கொழும்பிலும் கனடாவிலும் நிலைபெற்றவர் தாம் பிறந்த லயத்துக்கும் சேர்த்துக் கட்டலாம். கோயில் கும்பாபிஷேகத்துக்கு அனுப்புகிறவர்களுக்கு இது புதிய தர்மமல்ல. வட்ஸ்அப்பை வீழ்த்திய வங்கி அட்டை முட்டுக்கட்டையும் இந்த வழியில் நீங்கும். காசைக் கையில் வாங்கிக் கணக்கில் சேர்க்க ஒரு பொருளாளர் இருந்தால் போதும்.

சந்தா கேட்டு எவர் வந்தாலும் நாம் கேட்கவேண்டிய கேள்விகள் மூன்று. வரவு செலவை யார் வாசித்துக் காட்டுவார்? வாசிக்கும்போது குறுக்கிட்டுக் கேட்க எனக்கு உரிமை உண்டா? என் கையில் ஓட்டமில்லாத மாதத்தில் என் பெயர் நிற்குமா, வெட்டுப்படுமா? இம்மூன்றுக்கும் நேரிய விடை தருகிற கூடத்துக்குக் கொடுக்கும் காசு வீண்போகாது. விடை தராத இடத்தில், விளம்பரம் இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன, நாம் பிறத்தியார் வீட்டில் ஒண்டியிருப்பவர்களே.

அன்று மாலை கோயில் முற்றத்தில் விளக்குப் போட்ட பிறகு, பொருளாளர் எழுந்து நின்று அந்த மாதத்துக் கணக்கை உரக்க வாசித்தார். பெட்டிக்கு இவ்வளவு, கூடாரத்துக்கு இவ்வளவு, தேத்தண்ணிக்கும் சீனிக்கும் இவ்வளவு, கதிரைக் கூலி இவ்வளவு. திண்ணை ஓரத்தில் தொலைபேசியும் கையுமாக இருந்த இளைஞரில் ஒருவர் தலை நிமிர்ந்தார். "மாமா, கதிரைக் கூலி போன மாசமும் எழுதியிருந்திச்சே, ஒரே சாவுக்கு ரெண்டு தரமா?" என்று கேட்டார். முற்றத்தில் பேச்சு அடங்கிற்று. பொருளாளர் கோபிக்கவில்லை, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பக்கத்தைப் பின்னோக்கிப் புரட்டி, விரலை வரிமேல் வைத்து, "இது எட்டாம் நாள் காரியத்துக்குத் தம்பி, அது எடுத்த அன்னிக்கு, இந்தா நீயே வந்து பாரு" என்று கொப்பியைத் திருப்பி வைத்தார். இளைஞர் எழுந்து போய், தொலைபேசியின் வெளிச்சத்தை அந்த வரியின்மேல் பிடித்துப் பார்த்து, சரி என்று தலையசைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.